கசகசா, அபின், மார்ஃபின்: ஒரே செடி, ரெண்டு போர், இன்னும் தீராத வலி

வளைகுடா ஏர்போர்ட்ல கசகசா பாக்கெட்டோட ஒருத்தர் மாட்டினார்னு அப்பப்ப செய்தி வரும். வந்த உடனே, குருமாவுல அரைச்சு ஊத்தற சாமானுக்கு ஜெயிலான்னு ஒரு பக்கம் கேப்பாங்க, அப்போ கசகசா சாப்பிட்டா போதை ஏறுமான்னு இன்னொரு பக்கம் கேப்பாங்க. 2025ல ஃபெண்டானில்ங்கற வீரியமான போதை மருந்தைக் காரணம் காட்டி அமெரிக்கா சீனப் பொருள் மேல வரி போட்டப்போ வேற ஒரு குழப்பம் கிளம்புச்சு, "இது தலைகீழ் அபின் போர்"னு நிறைய பேர் எழுதினாங்க, அந்த அபின் போர்ல யாரு யாருக்கு வித்தாங்க, எதுக்காக சண்டை போட்டாங்க, அதுல இந்தியா எங்க வருதுன்னு படிக்கிறவங்களுக்கு பிடிபடல.

இது எல்லாமே ஒரே செடியோட கதைதான். அந்தச் செடியோட பால் உடம்புக்குள்ள என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சுக்கிட்டா அந்தப் போர் ஏன் நடந்துச்சுன்னு பாதி புரிஞ்சிடும். அதனால செடில இருந்தே ஆரம்பிக்கலாம்.

செடி ஒண்ணு, பொருள் ரெண்டு

பப்பாவர் சோம்னிஃபெரம்ங்கறது செடியோட அறிவியல் பேரு. வெள்ளை, ஊதா, சிவப்புன்னு பூ பூக்கும், இதழ் உதிர்ந்ததும் உருண்டையா, தலைல ஒரு கிரீடம் வச்ச மாதிரி காய் நிக்கும். அதான் நாட்டு மருந்துக் கடைல சொல்ற போஸ்தக்காய். அந்தக் காய்ல இருந்து ரெண்டு பொருள் வருது.

1. காய் பச்சையா இருக்கறப்போ தோலைக் கீறினா வடியற பால். அது காத்துல காஞ்சு பழுப்பு நிறப் பிசினா ஆகும். அதுதான் அபின், ஓபியம்னு சொல்றதும் அதையேதான்.

2. காய் முத்திக் காஞ்சப்புறம் உள்ள இருக்கற விதை. அதுதான் கசகசா.

பால் காயோட தோல்ல இருக்கற குழாய்ல ஊறுது, விதைக்குள்ள ஊறறது இல்ல. அதனால கசகசாவுல போதைப் பொருள் இருக்குன்னு சொல்றது தப்பு, ஆனா காயை உடைச்சு விதை எடுக்கறப்போ மேல கொஞ்சம் பால் தூசி ஒட்டிக்கும், அந்த ஒட்டல்ல மார்ஃபின், அதாவது அபின்ல வலியை அடக்கி போதை தர்ற முக்கியப் பொருள், துளி அளவு இருக்கும். கழுவி, வறுத்து, அரைச்சு சமைக்கறப்போ அதுலயும் நிறைய போயிடும். குருமா சாப்பிட்டு யாருக்கும் போதை ஏறாது. ஆனா யூரின் டெஸ்ட் ரொம்ப நுணுக்கமா இருந்தா பாசிட்டிவ் காட்டலாம், அமெரிக்கால கசகசா தூவின பன் சாப்பிட்டவங்க வேலைக்கான டெஸ்ட்ல மாட்டின பிரச்சனையால 1998ல அந்த டெஸ்ட்டோட வரம்பை 300 நானோகிராம்ல இருந்து 2000க்கு உயர்த்தினாங்க.

யூஏஇ, சவுதி, சிங்கப்பூர் மாதிரி நாடுகள்ல சட்டம் விதையையும் சேர்த்துத் தடை பண்ணியிருக்கு, அவ்வளவுதான் விஷயம். அங்க போறவங்க மசாலாப் பொடில கலந்து கூட எடுத்துட்டுப் போகக் கூடாது. இன்னொண்ணையும் இங்கேயே சொல்லிடறேன்: கஞ்சா வேற செடி, வேற ரசாயனம், ரெண்டையும் ஒண்ணா போட்டுக் குழப்பிக்க வேண்டாம்.

பால் எடுக்கற விதம்

இந்தியால இது இன்னைக்கும் லைசென்ஸோட நடக்கற விவசாயம். மத்தியப் பிரதேசத்துல மந்த்சௌர், நீமச், ராஜஸ்தான்ல சித்தோர்கர், பிரதாப்கர், உத்தரப் பிரதேசத்துல பாராபங்கி பக்கம் பயிர் பண்றாங்க. குவாலியர்ல தலைமையகம் வச்சிருக்கற மத்திய போதைப்பொருள் அலுவலகம்தான் லைசென்ஸ் கொடுக்குது. காய் பதமா முத்தினதும் மத்தியானத்துக்கு மேல, நாலஞ்சு கூர் முனையை ஒண்ணா சேர்த்துக் கட்டின ஒரு சின்னக் கத்தியால காயோட தோலை மட்டும் கீறுவாங்க, ஆழமா போனா பால் உள்பக்கம் வடிஞ்சு வீணாயிடும். ராத்திரி முழுக்க பால் சொட்டு சொட்டா வெளிய வந்து கெட்டியாகும், மறுநாள் விடியக்காலைல வெயில் ஏறறதுக்குள்ள அதை சுரண்டி எடுக்கணும், ஒரே காயை சில நாள் இடைவெளி விட்டு மூணு நாலு தடவை கீறலாம். எடுத்த அத்தனையும் அரசாங்கத்துக்கே கொடுக்கணும். நீமச்லயும் காஜிப்பூர்லயும் இருக்கற அரசு ஆலைகளுக்கு அது போகும். காஜிப்பூர் ஆலை 1820ல கிழக்கிந்திய கம்பெனி ஆரம்பிச்சது, அதை ஞாபகத்துல வச்சுக்கங்க, திரும்ப வருவோம்.

அந்தப் பிசின்ல ஏறக்குறைய பத்துல ஒரு பங்கு மார்ஃபின். கூடவே கோடீன், தீபெய்ன், பப்பாவெரின், நாஸ்கபின்னு இன்னும் பல ஆல்கலாய்டுகள், அதாவது செடில இருக்கற ரசாயனங்கள். இதுல கோடீன் இருமல் மருந்துலயும் வலி மாத்திரைலயும் வரும். மார்ஃபினை 1800களோட ஆரம்பத்துல ஜெர்மனில செர்ட்டூர்னர்ங்கற மருந்துக்கடைப் பையன் தனியா பிரிச்சார். 1874ல இங்கிலாந்துல ஆல்டர் ரைட் மார்ஃபினை மாத்தி டைஅசிட்டைல்மார்ஃபின் செஞ்சார், அதையே 1898ல பேயர் கம்பெனி ஹெராயின்ங்கற பேர்ல இருமல் மருந்தா மார்க்கெட்டுக்குக் கொண்டு வந்துச்சு. ஃபெண்டானில் செடில இருந்து வர்றது இல்ல, முழுக்க லேப்ல செய்யறது, மார்ஃபினை விட 50ல இருந்து 100 மடங்கு வீரியம். செடில இருந்து வந்ததோ லேப்ல வந்ததோ, இந்தக் குடும்பம் மொத்தத்துக்கும் ஓபியாய்டுன்னு பேரு.

உடம்புக்குள்ள என்ன நடக்குது

நம்ம உடம்பே வலியைக் குறைக்க எண்டார்ஃபின் மாதிரி சில பொருளைச் சுரக்குது, அது போய் ஒட்டிக்க மூளைல, முதுகுத்தண்டுல, குடல்ல எல்லாம் ரிசெப்டர்னு ஏற்பிகள் இருக்கு. மார்ஃபின் அதே ஏற்பில, உடம்பு சுரக்கறதை விட ரொம்ப பலமா ஒட்டிக்குது. எந்த இடத்து ஏற்பிங்கறதைப் பொறுத்து விளைவு மாறும்.

1. வலி கடத்தற பாதைல ஒட்டினா வலி அடங்கும். வலி இருக்குன்னு தெரிஞ்சாலும் அது மனசைப் பிடுங்காது. மருத்துவத்துல இதுக்கு இணையான மருந்துகள் ரொம்பக் குறைவு.

2. மூளையோட பரிசுப் பாதைல டோபமைன் கூடும். நிம்மதி, கதகதப்பு, கவலை விட்டுப்போன உணர்வு வரும். திரும்ப வேணும்னு தோணறது இங்கதான்.

3. மூளைத்தண்டுல மூச்சை நடத்தற பகுதி மந்தமாகும். ஓவர்டோஸ்ல சாவு வர்றது இதனாலதான், இதயம் நின்னு இல்ல, மூச்சு விட மறந்து. ஆளை எழுப்ப முடியல, கண்ணோட பாப்பா ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கு, மூச்சு விட்டு விட்டு வருது, உதடு நீலமாகுதுன்னா அது ஓபியாய்டு ஓவர்டோஸோட அடையாளம். நாலாக்சோன்ங்கற ஊசி மருந்து அந்த ஏற்பில இருந்து மார்ஃபினைத் தள்ளி விட்டுடும், சில நிமிஷத்துல மூச்சு திரும்பும், ஆனா அதோட வேலை ஒரு மணி நேரம் முன்ன பின்ன தீர்ந்துடும், அதனால எழுந்து உட்கார்ந்துட்டார்னு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகாம ஆஸ்பத்திரியிலயே வச்சிருக்கணும்.

4. குடல் அசைவு குறையும், மலச்சிக்கல் வரும். வயித்துப்போக்கை நிறுத்த அந்தக் காலத்துல அபினைக் கொடுத்தது இதுக்காகத்தான், இன்னைக்கு நாம மெடிக்கல்ல வாங்கற லோபெரமைடும் குடலோட இதே ஏற்பில வேலை செய்யறதுதான், என்ன, சொன்ன அளவுல மூளைக்குள்ள போகாது.

இப்போ மூணு வார்த்தையைப் பிரிச்சுப் புரிஞ்சுக்கணும், செய்தில எல்லாம் இதைக் கலந்துதான் எழுதறாங்க. டாலரன்ஸ்னா அதே அளவு மருந்து முன்ன மாதிரி வேலை செய்யாது, அளவைக் கூட்டணும். டிபென்டன்ஸ்னா உடம்பு அதுக்குப் பழகிடுச்சு, திடீர்னு நிறுத்தினா வித்ட்ராயல் வரும். மூக்கு ஒழுகும், ஓயாம கொட்டாவி, உடம்பெல்லாம் மயிர்க்கூச்சம், எலும்புக்குள்ள குடைச்சல், வாந்தி, பேதி, தூக்கமே இல்லாம ரெண்டு மூணு நாள் உச்சத்துக்குப் போய் ஒரு வாரத்துல படிப்படியா தணியும். அடிக்‌ஷன்னா வேலை போனாலும் குடும்பம் உடைஞ்சாலும் அதையே தேடிப் போறது. கேன்சர் வலிக்கு மார்ஃபின் எடுக்கறவருக்கு முதல் ரெண்டும் வரலாம், மூணாவது பெரும்பாலும் வர்றது இல்ல. இந்த வித்தியாசத்தைப் புரிஞ்சுக்காததால எவ்வளவு பேர் வலியில துடிக்கிறாங்கன்னு கடைசில பார்ப்போம்.

டாலரன்ஸ்ல ஒரு கொடுமையான விஷயம் இருக்கு. அது ஏறற மாதிரியே இறங்கவும் செய்யும். டிஅடிக்‌ஷன் சென்டர்ல இருந்தோ ஜெயில்ல இருந்தோ சில வாரம் கழிச்சு வெளிய வர்ற ஒருத்தர் பழைய அளவையே திரும்ப எடுத்தா உடம்பு அதைத் தாங்காது. வெளிய வந்த முதல் சில வாரத்துலதான் சாவு அதிகம். அதனாலதான் வெறுமனே பூட்டி வச்சு நிறுத்தறதை விட மெத்தடோன், ப்யூப்ரநார்ஃபின் மாதிரி மருந்தை டாக்டர் கண்காணிப்புல மாசக்கணக்குல, வருஷக்கணக்குல கொடுக்கறது உயிரைக் காப்பாத்துதுன்னு சொல்றாங்க, இந்தியாலயும் அந்த மையங்கள் இருக்கு.

"அபின் இயற்கை, ஹெராயின் மாதிரி கெடுதல் இல்ல"ன்னு சொல்றவங்களுக்கு ஈரான்ல இருந்து பதில் இருக்கு. அங்க கொலஸ்தான் மாகாணத்துல 50,000 பேரை வருஷக்கணக்கா பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுல அபின் எடுக்கறவங்க அந்தக் காலத்துல சாகற வாய்ப்பு, எடுக்காதவங்களை விட ஏறக்குறைய 1.9 மடங்குன்னு வந்துச்சு, புகைக்கறவங்க மட்டும் இல்ல, முழுங்கறவங்களுக்கும்தான். 2020ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு அபின் பயன்பாட்டை மனுஷங்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான முதல் பட்டியல்ல சேர்த்துச்சு. குரல்வளை, நுரையீரல், சிறுநீர்ப்பை மூணுக்கும் ஆதாரம் பலமா இருக்கு. 2016 வாக்குல ஈரான்லயே இன்னொண்ணு நடந்துச்சு, எடை கூட்டறதுக்காக அபின்ல ஈயத்தைக் கலந்து வித்ததால வயித்து வலி, ரத்தசோகைன்னு நிறைய பேர் ஈய விஷத்தோட ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க.

தேயிலை வேணும், வெள்ளி இல்ல

இப்போ வரலாறு. 18ம் நூற்றாண்டுல பிரிட்டன் முழுக்க டீ குடிக்கப் பழகிடுச்சு, டீ சீனாவுல மட்டும்தான் கிடைச்சுது, சீனாவுக்கு பிரிட்டன் சரக்கு பெருசா தேவைப்படல, அதனால வெள்ளியா கொடுத்துதான் வாங்கணும். கப்பல் கப்பலா வெள்ளி போறதைப் பார்த்து கிழக்கிந்திய கம்பெனி தவிச்சப்போ அதுக்குக் கைல கிடைச்சது வங்காளமும் பீகாரும். 1757 பிளாசி போருக்கு அப்புறம் அந்தப் பக்கம் கம்பெனி கைக்கு வந்துச்சு, 1773ல வாரன் ஹேஸ்டிங்ஸ் அபினைக் கம்பெனியோட ஏகபோகம் ஆக்கினார், 1797ல இருந்து உற்பத்தியையே கம்பெனி நேரடியா எடுத்துக்கிச்சு.

சீனாவுல 1729லயே யோங்செங் பேரரசர் புகைக்கற அபின் விக்கறதுக்குத் தடை போட்டிருந்தார். அந்த நூற்றாண்டு கடைசில இறக்குமதிக்கும் தடை வந்துச்சு. அப்புறம் எப்படி வித்தாங்க? வழி இதுதான்:

1. பீகார், காசி பக்கத்து விவசாயிக்கு கம்பெனி முன்பணம் கொடுக்கும். வாங்கினா பயிர் பண்ணியே ஆகணும், விளைஞ்சதை கம்பெனி சொல்ற விலைக்குக் கொடுக்கணும்.

2. பாட்னா, காஜிப்பூர் ஆலைல அதை உருண்டையாக்கி, பெட்டில அடைச்சு, கல்கத்தாவுல ஏலம் விடுவாங்க. இதோட கம்பெனியோட கை கழுவியாச்சு.

3. ஏலத்துல எடுக்கற தனியார் வியாபாரிங்க அதை தென் சீனத் துறைமுகமான கேன்டன் கடலோரத்துக்குக் கொண்டு போய் கடத்தல்காரங்களுக்கு வெள்ளிக்கு விப்பாங்க.

4. அந்த வெள்ளியை கேன்டன்லயே கம்பெனி கஜானாவுல கட்டிட்டு லண்டன்ல பணமாக்கிக்கற உண்டியல் சீட்டு வாங்கிப்பாங்க. கம்பெனி அந்த வெள்ளில டீ வாங்கும்.

சட்டப்படி பார்த்தா கம்பெனிக் கப்பல் ஒண்ணுலயும் அபின் இல்ல. நடைமுறைல சீனாவோட டீக்கு பீகார் விவசாயியோட வயல்ல இருந்து காசு போச்சு.

அந்த ஆலைக்குள்ள வேலை எப்படி நடந்துச்சுன்னு பார்த்தா இது எவ்வளவு பெரிய தொழிற்சாலைன்னு புரியும். வயல்ல உதிர்ற பூ இதழைக் கூட விடல, அதைப் பொறுக்கி, சூடான மண் ஓட்டுல அமுக்கி சப்பாத்தி கணக்கா வட்டத் தகடா ஆக்கி ஆலைக்குக் கொண்டு வருவாங்க. கிண்ண அச்சுல அந்த இதழ்த் தகடை ஒண்ணு மேல ஒண்ணா மட்டமான அபின் பசையால ஒட்டி ஓடு மாதிரி ஆக்கி, உள்ள நல்ல அபினை வச்சு, மூடி உருட்டுவாங்க. ஒரு உருண்டை ஒன்றரை கிலோவுக்கு மேல வரும். மாசக்கணக்கா அடுக்குல காய வச்சு, எறும்பு பூஞ்சை பார்த்து, மாமரப் பெட்டில 40 உருண்டை அடுக்கினா ஒரு பெட்டி, 63 கிலோ சுமார். தரம் மாறாததால கம்பெனி முத்திரையைப் பார்த்தே சீன வியாபாரி பெட்டியைத் திறக்காம வாங்கினான். 19ம் நூற்றாண்டு கடைசி வாக்குல பத்து லட்சத்துக்கும் மேல விவசாயக் குடும்பங்கள் இதுல சிக்கியிருந்துச்சு.

மேற்கு இந்தியால மால்வா அபின் தனி வழில, பம்பாய் மூலமா போச்சு, ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் மாதிரி பார்சி வியாபாரிகளும் அதுல பெரும் பணம் சம்பாதிச்சாங்க. கேன்டன் பக்கம் ஜார்டின் மேத்திசன்ங்கற பிரிட்டிஷ் வியாபாரக் கம்பெனி முன்னணில இருந்துச்சு. 1834ல சீன வியாபாரத்துல கம்பெனியோட ஏகபோகம் முடிஞ்சதும் எல்லாரும் இறங்கிட்டாங்க. 1820 வாக்குல வருஷத்துக்கு நாலஞ்சாயிரம் பெட்டியா இருந்தது 1838 வாக்குல 40,000 பெட்டிகிட்ட போச்சு.

நான் இங்க அழுத்திச் சொல்ல வர்றது ஒண்ணுதான். மத்த சரக்கோட விற்பனை வாங்கறவன் மனசைப் பொறுத்தது, துணி வேண்டாம்னா வாங்க மாட்டான். அபின்ல வாங்கறவனோட உடம்பே அடுத்த வருஷம் கொஞ்சம் கூடுதலா கேக்கும். மேல சொன்ன டாலரன்ஸ்தான் கல்கத்தா ஏலத்துக்கு வருஷா வருஷம் உத்தரவாதம் கொடுத்துச்சு. பிரிட்டிஷ் இந்தியாவுக்கு நில வரிக்கு அடுத்த பெரிய வருமானங்கள்ல ஒண்ணா அபின் ஆனதுக்கு இது முக்கியக் காரணம். "டீ ஆசையால வந்த போர்"னு சுருக்கிச் சொல்றவங்க இதை விட்டுடறாங்க. அதுக்காக சீனா முழுக்க போதைல விழுந்து கிடந்துச்சுன்னு நினைக்கறதும் தப்பு, வலிக்கும் பேதிக்கும் மருந்தா எடுத்தவங்க, விருந்துல எப்பவாச்சும் புகைச்சவங்கன்னு எல்லா வகையும் இருந்தாங்க, அடிமையானவங்க அதுல ஒரு பகுதி.

தடை பண்ணலாமா, சட்டப்படி ஆக்கலாமா

சீன அரசவையை உலுக்கினது உடம்புக் கேடு மட்டும் இல்ல, வெள்ளி வெளிய போனது. சாதாரண ஜனங்க சம்பாதிக்கறது செப்புக்காசு, வரி கட்டறது வெள்ளிக் கணக்குல. ஒரு தேல் (சீன எடைக் கணக்கு) வெள்ளிக்கு 1000 காசுன்னு இருந்தது 1838 வாக்குல 1600க்கு ஏறிடுச்சு. அபினைத் தொடாத விவசாயிக்குக் கூட வரிச்சுமை பாதிக்கு மேல கூடிப்போச்சு.

1836ல ஷு நாய்ஜிங்கற அதிகாரி இதைச் சட்டப்படி ஆக்கி வரி போடலாம், உள்நாட்டுலயே பயிர் பண்ணா வெள்ளி வெளிய போகாதுன்னு எழுதினார். 1838ல ஹுவாங் ஜுவேஸி ஒரு வருஷம் அவகாசம் கொடுத்துட்டு அப்புறமும் புகைக்கறவங்களுக்கு மரண தண்டனைன்னு எழுதினார். இன்னைக்கு போதைப்பொருள் கொள்கை பத்தி நடக்கற அதே வாதம்தான். கடுமையான பக்கம் ஜெயிச்சுது, அபினை ஒழிக்க லின் ஸெஷுங்கற அதிகாரி கேன்டனுக்கு அனுப்பப்பட்டார்.

1839 மார்ச்ல வந்த லின், வெளிநாட்டு வியாபாரிங்க 350 பேரை அவங்க குடியிருப்புலயே ஆறு வாரம் அடைச்சு வச்சார். பிரிட்டிஷ் அதிகாரி சார்லஸ் எலியட் 20,283 பெட்டியை ஒப்படைச்சார், ஆனா அப்படிப் பண்றப்போ வியாபாரிங்ககிட்ட "இதுக்கு பிரிட்டிஷ் அரசு ஈடு கொடுக்கும்"னு வாக்கு கொடுத்துட்டார். கடத்தல் சரக்கு ஒரே நாள்ல பிரிட்டிஷ் அரசோட சொத்தாயிடுச்சு, போருக்கான காரணம் இங்க பிறந்துடுச்சு.

ஜூன் 3ம் தேதி கேன்டன் பக்கத்துல இருக்கற ஹுமன்ல அபினை அழிக்க ஆரம்பிச்சாங்க. எரிச்சா மண்ணுல உருகி இறங்கறதை ஜனங்க தோண்டி எடுத்துடுவாங்கன்னு லின்னுக்குத் தெரியும். அதனால பெரிய பெரிய குழி வெட்டி தண்ணி நிரப்பி, உப்பைக் கொட்டி, உருண்டையை வெட்டிப் போட்டு ஊற வச்சு, அப்புறம் சுண்ணாம்பைக் கொட்டிக் கிளறி, கொதிச்சுக் கரைஞ்சதும் கடல் வத்தற நேரம் பார்த்து மதகைத் திறந்து விட்டாங்க. 1000 டன்னுக்கு மேல, மூணு வாரத்துக்கு மேல ஆச்சு. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இந்த அழுக்கைக் கடல்ல விடறதுக்கு கடல் தெய்வத்துகிட்ட மன்னிப்புக் கேட்டு லின் பூஜை பண்ணினார். விக்டோரியா மகாராணிக்கு, உங்க நாட்டுக்கு வந்து யாராவது இப்படி விஷம் வித்தா சும்மா இருப்பீங்களாங்கற தொனில ஒரு கடிதமும் எழுதினார்.

ரெண்டு போர்

1840 ஏப்ரல்ல பிரிட்டிஷ் பார்லிமென்ட்ல இந்தப் போரைக் கண்டிச்சு வந்த தீர்மானம் 9 ஓட்டுலதான் தோத்துச்சு, பின்னாடி பிரதமரான கிளாட்ஸ்டன் அதுல போரைக் கடுமையா எதிர்த்துப் பேசினார். படை கிளம்பி வந்துச்சு. இரும்புல செஞ்ச நெமிசிஸ்ங்கற நீராவிக் கப்பல் ஆத்துக்குள்ளயே புகுந்து அடிச்சுது, சீனப் படகுகளால ஒண்ணும் பண்ண முடியல.

நம்ம ஊருக்கும் இதுல நேரடியான தொடர்பு இருக்கு, இது அதிகம் பேசப்படறது இல்ல. போன படைல கணிசமான பேர் மெட்ராஸ் ராணுவத்து சிப்பாய்ங்க. 1841 மே கடைசில கேன்டனுக்கு வெளிய சான்யுவான்லி கிராமத்துப் பக்கம் ஆயிரக்கணக்குல கிராமத்து ஜனங்க ஈட்டியும் கழியுமா திரண்டு வந்தப்போ, 37வது மெட்ராஸ் காலாட்படையோட ஒரு கம்பெனி மழைல வழி தவறித் தனியா மாட்டிக்கிச்சு. அவங்க கைல இருந்தது பழைய சக்கிமுக்கித் துப்பாக்கி, மருந்து நனைஞ்சு ஒண்ணு கூட வெடிக்கல, வெறும் துப்பாக்கி முனைக் கத்தியை வச்சே தாக்குப் பிடிச்சாங்க, புது வகைத் துப்பாக்கி வச்சிருந்த கடற்படை வீரர்கள் தேடி வந்துதான் மீட்டாங்க. சீனாவுல இன்னைக்கும் சான்யுவான்லியை மக்கள் எதிர்ப்போட அடையாளமா நினைவிடம் வச்சுப் போற்றறாங்க. பீகார் விவசாயி விளைச்ச சரக்குக்காக மெட்ராஸ் சிப்பாய் போய் கேன்டன் விவசாயியோட மோதினான், மூணு பேருக்கும் அதுல லாபம் இல்ல.

1842 ஆகஸ்ட் 29ல நான்கிங் ஒப்பந்தம். ஹாங்காங் பிரிட்டனுக்குப் போச்சு, ஷாங்காய் உட்பட 5 துறைமுகம் திறந்தாங்க, 2 கோடியே 10 லட்சம் வெள்ளி டாலர் அபராதம், அதுல 60 லட்சம் அழிச்ச அபினுக்கான விலை. அபினை சட்டப்படி ஆக்கறதைப் பத்தி ஒப்பந்தத்துல ஒண்ணும் இல்ல. கடத்தல் அப்படியே தொடர்ந்துச்சு.

ரெண்டாவது போர் 1856ல ஆரோங்கற கப்பல் விவகாரத்துல ஆரம்பிச்சுது, பிரான்ஸும் சேர்ந்துக்கிச்சு. 1858ல வந்த சுங்க ஒப்பந்தத்துல பெட்டிக்கு 30 தேல் வரின்னு அபின் சட்டப்படி ஆச்சு. 1860 அக்டோபர்ல பெய்ஜிங்குக்குள்ள போய் பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபுவோட உத்தரவுல பழைய கோடைக்கால அரண்மனையைக் கொளுத்தினாங்க. ஹாங்காங் தீவுக்கு எதிர்ல இருக்கற கோவ்லூனும் பிரிட்டனுக்குப் போச்சு. இதுக்கப்புறம் சீனாவே சிச்சுவான், யுன்னான்ல பெரிய அளவுல பயிர் பண்ண ஆரம்பிச்சு, இறக்குமதியை விட உள்நாட்டு அபின் அதிகமாயிடுச்சு, ஷு நாய்ஜி சொன்னதுதான், ஆனா எந்தக் கட்டுப்பாடும் இல்லாம.

அபின் வருமானம் இந்தியாவோட நிக்கல. பினாங், மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த ஜலசந்திக் குடியேற்றங்கள்ல அரசு வருமானத்துல பாதிகிட்ட அபின்ல இருந்தே வந்துச்சு, வாங்கினவங்கள்ல பெரும்பாலானவங்க சுரங்கத்துலயும் துறைமுகத்துலயும் முதுகொடிஞ்சு உழைச்ச சீனக் கூலிங்க. 1895ல பிரிட்டிஷ் ராயல் கமிஷன் இந்தியால அபினால பெரிய கேடு இல்லன்னு அறிக்கை கொடுத்துச்சு, வருமானம் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு தெரிஞ்சா அந்த முடிவு ஏன் அப்படி வந்துச்சுன்னு புரியும். 1907ல சீனாவுக்குப் போற இந்திய அபின் ஏற்றுமதியைப் படிப்படியா குறைக்க ஒப்பந்தம், 1909ல அபின் பத்தி ஷாங்காய் மாநாடு, 1912ல ஹேக் ஒப்பந்தம். இன்னைக்கு இருக்கற சர்வதேச போதைப்பொருள் சட்டம் எல்லாத்துக்கும் வேர் இதுதான்.

இன்னைக்கு நிலைமை

ஆப்கானிஸ்தான்ல தாலிபான் 2022 ஏப்ரல்ல அபின் பயிருக்குத் தடை போட்டாங்க. ஐநா கணக்குப்படி 2,33,000 ஹெக்டேர்ல இருந்த பயிர் 2023ல 10,800க்கு இறங்கிடுச்சு, 95 சதவீதம் சரிவு. இதை வெற்றின்னு எழுதறதுக்கு முன்னாடி இன்னொரு எண்ணையும் பாருங்க, விவசாயிங்க கைக்கு வந்த வருமானம் 136 கோடி டாலர்ல இருந்து 11 கோடிக்கு விழுந்துச்சு, மாத்துப் பயிருக்கு உதவி பெருசா இல்ல. அதே வருஷம் மியான்மர் 1080 டன் அபினோட உலகத்துல முதல் இடத்துக்கு வந்துச்சு. ஒரு இடத்துல அமுக்கினா இன்னொரு இடத்துல எழும்புது.

ஃபெண்டானில் விஷயத்தைத் தலைகீழ் அபின் போர்னு சொல்றது எனக்கு சரியா படல. அமெரிக்கால இந்த நெருக்கடி ஆரம்பிச்சது 1996ல வந்த ஆக்ஸிகான்டின்ங்கற மாத்திரையை, பழக்கமாகாதுங்கற மாதிரி டாக்டர்ங்ககிட்ட கம்பெனியே தள்ளினதுல. அந்த மாத்திரையைச் செஞ்ச பர்டியூ ஃபார்மா 2007லயும் 2020லயும் கோர்ட்ல குத்தத்தை ஒத்துக்கிச்சு. மாத்திரைக்குக் கெடுபிடி வந்ததும் ஜனங்க ஹெராயினுக்கும் அப்புறம் ஃபெண்டானிலுக்கும் போனாங்க. சீனாவுல இருந்து மூலப்பொருள் போறது உண்மை, ஆனா 1839ல மாதிரி ஒரு அரசாங்கம் வருமானத்துக்காக பயிர் பண்ணி, ஏலம் விட்டு, போர்க்கப்பல் அனுப்பி விக்கல. அந்த வித்தியாசத்தை மறைச்சா பழைய போரும் புரியாது, புது நெருக்கடியும் புரியாது.

இந்தியால 2019ல வெளியான தேசிய கணக்கெடுப்புல 2.26 கோடி பேர் ஏதோ ஒரு ஓபியாய்டு எடுக்கறாங்கன்னு வந்துச்சு, அதுல அபினை விட ஹெராயினும் வலி மாத்திரையும்தான் அதிகம். தமிழ்நாட்டுலயும் டபென்டடால்ங்கற ஓபியாய்டு வலி மாத்திரையைத் தண்ணில கரைச்சு ஊசியா போட்டுக்கற கேஸ் செய்தில வருது. மாத்திரைல இருக்கற மாவுப் பொருள் ரத்தத்துல கரையாது, ரத்தக்குழாய் அடைச்சு, சீழ் பிடிச்சு, கை கால் வரைக்கும் போற அபாயம் இருக்கு, ஊசியைப் பகிர்ந்தா எச்ஐவியும் ஹெபடைடிஸ் சியும். உதவி வேணும்னா 14446ங்கற தேசிய எண்ணுக்கு இலவசமா கூப்பிடலாம்.

பயிர் பண்ற நாட்டுல வலிக்கு மருந்து இல்ல

உலகத்துல சட்டப்படி அபின் பிசின் ஏற்றுமதி பண்ற நாடு இந்தியா. அப்படியும் லான்செட்ங்கற மருத்துவ இதழோட ஆணையம் 2017ல சொன்ன கணக்குல, வலி தீர்க்கத் தேவைப்படற ஓபியாய்டுல ஏறக்குறைய 4 சதவீதம்தான் நம்ம நோயாளிங்களுக்குக் கிடைக்குது. 1985ல வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துல ஒரு ஆஸ்பத்திரி மார்ஃபின் வச்சிருக்க பல துறைகள்ல பல லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்துச்சு, எழுத்துப் பிழைக்குக் கூட பத்து வருஷ ஜெயில் பயம், அதனால ஆஸ்பத்திரிங்க வாங்கறதையே விட்டுடுச்சு. கோழிக்கோடு மெடிக்கல் காலேஜ்ல 1993ல வலி தணிப்பு கிளினிக் ஆரம்பிச்ச டாக்டர் எம்.ஆர்.ராஜகோபாலும் அவரோட இருந்தவங்களும் வருஷக்கணக்கா போராடி 2014ல சட்டத்தைத் திருத்த வச்சாங்க. இப்போ மார்ஃபின் உட்பட 6 மருந்துக்கு நாடு முழுக்க ஒரே விதி, அங்கீகாரம் வாங்கின ஆஸ்பத்திரிக்கு தனித்தனி லைசென்ஸ் வேண்டாம்.

சட்டம் மாறினாலும் பயம் மாறல. மார்ஃபின் ஆரம்பிச்சா அவ்வளவுதான், இனி கடைசின்னு குடும்பத்துல சொல்லி வேண்டாம்னுடறாங்க, சில டாக்டருங்களும் எழுதத் தயங்கறாங்க. வாய்வழியா குறைஞ்ச அளவுல ஆரம்பிச்சு, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை வலியைப் பார்த்துப் படிப்படியா ஏத்தினா மூச்சு நிக்கறது இல்ல, ஆளு மயங்கிக் கிடக்கறதும் இல்ல, எழுந்து சாப்பிட்டு பேரப் பிள்ளைங்களோட பேசற அளவுக்கு வருவாங்க. கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து கட்டாயம் கேட்டு வாங்கணும், மத்த பக்க விளைவுக்கு உடம்பு பழகிக்கும், இதுக்கு மட்டும் பழகாது. எல்லா மெடிக்கல் ஷாப்லயும் கிடைக்காது, அரசு மெடிக்கல் காலேஜ் வலி தணிப்புப் பிரிவுலயோ கேன்சர் ஆஸ்பத்திரியிலயோ கேக்கணும். தமிழ்நாட்டுல மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கு வர்ற நர்ஸ்கிட்டயும், படுக்கைல இருக்கறவங்களுக்கு வலி எவ்வளவு, ராத்திரி தூங்க முடியுதான்னு சொல்லி எங்க அனுப்பணும்னு கேட்டு வாங்கிக்கலாம்.